பதினாலு மாதக் கர்ப்பம்

1

"விஷாகாவுக்குக் குழந்தை பிறக்கணும் சார். அதோட கதையை முடிக்கணும்."

கேட்டுவிட்டேன். எனக்கு முன்பிருந்தே அங்கே எழுதுகிற வசுமதி அக்கா, வேலையில் சேர்ந்த முதல் நாளே சொல்லியிருந்தார்: "லீவு கேளு, சண்டை போடு, ஏசி ஓடலன்னு கத்து. கதையை முடிக்கணும்னு மட்டும் வாயத் தொறக்காத."

இந்தக் கதை பிறந்த இடம் அதுதான். மாமல்லபுரத்தில் கடல் தெரியும் ஒரு பங்களா மாடி, ஆடியோ கதை கம்பெனியின் ஆபீஸ், எழுத்தாளர்களுக்குத் தலைவரான ஷ்ரவண் சாரின் மேசை. அவர் பதில் சொல்ல வாயைத் திறக்கிறார். அப்படியே இருக்கட்டும். நான் தொடர்கதை எழுதிச் சாப்பிடுகிறவள். ஆளை நிறுத்திவைப்பதுதான் என் தொழில்.

2

வேறு மாதிரியும் ஆரம்பித்துப் பார்த்தேன்.

"மாமல்லபுரத்து அலைகள் அன்று ஏதோ சொல்ல..."

[வேண்டாம். அலை வாயை மூடிக்கொண்டிருக்கிற கதை இந்தக் கடற்கரையில் ஒன்றாவது இருக்கட்டும்.]

"படாளத்தில் ஓர் ஏழைக் கூலிக் குடும்பத்தில்..."

[இதுவும் வேண்டாம். உங்களுக்குக் கண் கலங்கும், எனக்குக் கடுப்பாகும். எங்கள் வீட்டில் முதல் டிகிரி நான். செங்கல்பட்டில் பி.ஏ. முடித்தேன், கதை எழுதத் தெரியும், எழுதுகிறேன். அவ்வளவுதான் என் சோகம்.]

தினம் ஓர் அத்தியாயம் எழுதுவேன். வேறொருத்தி அதைக் குரலில் படிப்பாள். ஊரெல்லாம் போனில் கேட்கும். என் கதாநாயகிக்கு நான் வைத்த பெயர் காசியம்மாள். "அந்தப் பேர்ல ஹீரோயின் எடுபடாது கவியா, வேலைக்காரி கேரக்டருக்கு வச்சுக்கலாம்" என்றார் ஷ்ரவண். அப்படித்தான் விஷாகா ஆனாள். எங்கள் தெருவில் விஷாகா என்று ஒரு பூனைகூடக் கிடையாது.

நன்றாக ஓடுகிற கதைக்கு முடிவு கிடையாது என்பது கம்பெனி வழக்கம். விஷாகா கர்ப்பமானதும் கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள். அதனால் கர்ப்பத்தை நிறுத்திவைத்தோம். வலி எடுக்கும், போன் வரும். வலி எடுக்கும், மாடிப்படியில் விழுவாள். வலி எடுக்கும், தனக்கு வலிக்கிறது என்பதே மறந்துபோகும். பதினாலு மாதம். எல்லாம் என் கையால்.

3

இது இன்று காலை நடந்தது.

என் அம்மா பிஸ்கட் பேக் பண்ணும் கம்பெனிக்குப் போகிறார். விடிந்ததும் ஜி.எஸ்.டி. ரோட்டில் வேன் வரும். நானும் செங்கல்பட்டு வரை அதில் தொற்றிக்கொள்வேன். வேன் முழுக்கப் பெண்கள். ஸ்பீக்கரில் விஷாகா.

இன்று ஏறினால் ஸ்பீக்கர் ஓடவில்லை. புளியோதரை வாசம். ஜன்னலோர சீட்டில் பட்டுத்துணி விரித்து, அதன்மேல் ஒரு போன். போனில் விஷாகாவின் படம். படத்துக்குச் சந்தனம், குங்குமம், பூ.

"இன்னா இது?" என்றேன்.

"வளகாப்பு" என்றார் மேரி அக்கா. "ஒம்பதாம் மாசமே பண்ணியிருக்கணும். அவங்க வூட்ல ஒருத்திக்கும் புத்தி இல்ல. நாமதான் பாக்கணும்."

"அக்கா, அது கதைக்கா."

"தெரியும்டி. நீ எழுதறதுன்னும் தெரியும். பதினாலு மாசமா சுமக்கிறாளே, இன்னா, யானையா அவ?"

வேன் குலுங்கிச் சிரித்தது. சந்தனம் போனின் ஸ்பீக்கர் ஓட்டையை அடைத்துக்கொண்டதால் அன்றைய அத்தியாயம் யாருக்கும் கேட்கவில்லை. அடுத்து ஒரு சிக்கல்: வளையல் வாங்கி வந்துவிட்டார்கள், போட ஒரு கை இல்லை. எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"கல்யாணம் ஆகாத பொண்ணுக்கா?" என்றார் பூங்கொடி அத்தை.

"எழுதறவதான சுமக்கறா? நீட்டுடி கைய" என்றார் மேரி அக்கா.

இரண்டு கையிலும் முட்டிவரை கண்ணாடி வளையல் ஏறியது. கன்னத்தில் சந்தனம். கடைசியில் அம்மா காதோரம் வந்து சொன்னார்: "பிரசவம் ஆவறவரிக்கும் கய்ட்டக்கூடாது, தெரியும்ல? அவளப் பெத்துக்க விடு கவியா. கேட்டுகினு கீற எங்களுக்கே இடுப்பு நோவுது."

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: அம்மாவின் பெயர் வேண்டா. நாலாவதும் பெண்ணாகப் பிறந்ததால் வைத்த பெயர். இதைக் கதையாக எழுதித் தருகிறேன் என்றபோது, "ரொம்ப டல்லா இருக்கே" என்றார்கள் ஆபீசில்.)

4

இப்போது ஷ்ரவண் வாயை மூடிக்கொள்ளலாம். இல்லை, பேசலாம்.

"முடிக்கிறதா? கவியா, நாளைக்கு வலி நின்னுடும். பொய் வலின்னு டாக்டர் சொல்லுவார். ஸ்கேன்ல பார்த்தா இரட்டை. இன்னும் ஒரு வருஷம் ஓட்டலாம்!"

[இவரை வில்லனாக எழுதப் பார்த்தேன். வரவில்லை. நல்ல மனுஷன். எனக்குத் தயிர்வடை வாங்கித் தருவார். பிரசவம் என்றால் டிராஃபிக் சிக்னல் மாதிரி நினைக்கிறார், அது ஒன்றுதான்.]

"எங்க வேன் தாங்காது சார்."

"எந்த வேன்?"

சொன்னேன். வளையல் எல்லாம் சேர்ந்து சொன்னது. அவருக்குக் கண் விரிந்தது. "வளைகாப்பா? நிஜமாவா? அய்யோ, இதையே ஒரு எபிசோடா போட்டுடலாமே!"

"முடியாது சார்."

"பாருங்க, விஷாகா கம்பெனியோட சொத்து. கையெழுத்துப் போட்டிருக்கீங்க. நீங்க எழுதலன்னா வேற யாராவது எழுதுவாங்க. அவ பெத்துக்க மாட்டா."

5

இங்கே மூன்று முடிவுகள் இருக்கின்றன.

ஒன்று: ஷ்ரவண் மனம் மாறுகிறார். கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். (அவர் கண்ணாடியே போடுவதில்லை.)

இரண்டு: நான் மேசையை ஓங்கித் தட்டுகிறேன். (வளையல் உடைந்தால் மேரி அக்கா என் தோலை உரித்துவிடுவார்.)

மூன்று, நடந்தது. பையைத் திறந்து கம்பெனி லேப்டாப்பை எடுத்து மேசைமேல் வைத்தேன். சார்ஜரையும் ஒழுங்காகச் சுற்றி வைத்தேன். முடிவு திருக்கழுக்குன்றம் தாண்டும்போதே பஸ்ஸில் எடுத்தாயிற்று. ஒரு வார்த்தை கேட்டுப் பார்ப்போமே என்றுதான் மாடியேறினேன்.

"விஷாகா உங்களது சார். வச்சுக்கோங்க. இரட்டை, மூணு, என்ன வேணா பண்ணுங்க. காசியம்மா என்னோடது. அந்தப் பேரைத்தான் வேலைக்காரிக்கு வச்சுக்கலாம்னீங்களே, நீங்க வைக்கவே இல்ல. நாளைக்குக் காலைல வேன்ல அவளுக்குப் பிரசவம். நானே என் வாயால சொல்லப்போறேன்."

"வேன்லயா? அதுக்கப்புறம்?"

"எனக்குக் கதை எழுதத் தெரியும் சார். என் குரல்லயே போடுவேன். கேக்க வேன் நிறைய ஆள் இருக்காங்க."

வசுமதி அக்கா தன் மேசையிலிருந்து எட்டிப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "பிள்ள பொறந்ததும் எனக்கு ஒரு போன் போடுடி" என்றார்.

பிறப்பது ஆணா பெண்ணா? என்ன பெயர்? நானே இன்னும் எழுதவில்லை. நாளைக்கு வேனில் இருபது வாய் இருபது பெயர் சொல்லும், பூங்கொடி அத்தை சண்டைக்கு வருவார். ஜன்னலோர சீட்டில் உங்களுக்கும் இடம் போட்டுவைக்கிறேன், வந்து ஒன்று சொல்லுங்கள். வேண்டா என்று மட்டும் வைக்காதீர்கள், எங்கம்மா வேனை விட்டு இறக்கிவிடுவார்.

மாடிப்படியில் இறங்கினேன். ஒரு படிக்கு ஒரு தரம் வளையல் குலுங்கியது. பின்னால் ஷ்ரவண், "கவியா, யோசிச்சு..." என்று ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தார். அதை அவரே முடித்துக்கொள்ளட்டும். செங்கல்பட்டு பஸ் நின்றுகொண்டிருந்தது. கையை உயர்த்திக்கொண்டு ஓடினேன்.