தழும்புள்ள கோலிகள்

மகள் இறந்த மறுவாரத்திலிருந்து, மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் மனைவி அழுதால் கண்ணீர் வரவில்லை, கோலிக்குண்டுதான் வந்தது. வலது கண்ணிலிருந்து மட்டும், ஓர் அழுகைக்கு ஒன்று. கண் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கண்ணில் கோளாறு ஒன்றுமில்லை, அழாமல் இருந்தால் சரியாகிவிடும் என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டுத் தையல்காரி, "நீ அழுதா கோலியாவது வருது, நான் அழுதா மூக்குதான் ஒழுகுது" என்று சொல்லிச் சிரிக்கவைக்கப் பார்த்தாள். முடியாமல் தானும் உட்கார்ந்து அழுதாள். சொன்னபடியே மூக்குதான் ஒழுகியது. தெருவுக்கு இது கொஞ்சநாள் பேச்சாக இருந்தது. பிறகு குழாயில் தண்ணீர் வராதது பெரிய பேச்சாகிவிட்டது.

கடைக்காரருக்குப் பழைய கோலிகள் சேர்ப்பதில் பைத்தியம். மெஷின் வருவதற்கு முன் கோலியைக் கையால்தான் செய்தார்கள். சூட்டில் இளகிய கண்ணாடிக் கம்பியை முறுக்கி, நுனியைக் கத்தரியால் வெட்டி உருட்டுவார்கள். வெட்டிய இடத்தில் விரலுக்குத் தட்டுப்படுகிற மாதிரி ஒரு சொரசொரப்பு நின்றுவிடும். அதுதான் வெட்டுத்தழும்பு. தழும்பு இருந்தால் கைவேலை, இல்லாவிட்டால் மெஷின். உள்ளே ஓடும் வண்ண நாடா எந்தப் பக்கம் முறுக்கியிருக்கிறது, காற்றுக்குமிழி எங்கே மாட்டியிருக்கிறது என்று பார்த்து, கோலியின் வயதையே சொல்லிவிடுவார். பெற்ற மகளின் வயதைக் கேட்டால் மனைவியைத் திரும்பிப் பார்ப்பார். தெருவே வாலு என்று கூப்பிட்ட அந்தப் பெண் காய்ச்சலில் போன மதியம், அவர் வெளியூரில் யாரோ ஒருவர் வீட்டுப் பரணிலிருந்து இறக்கிய கோலிப்பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தார். வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவரை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

முதல் கோலி அடுப்படித் தரையில் விழுந்து உருண்டபோது குனிந்து எடுத்தார். கட்டைவிரலால் தடவினார். "கைவேலை" என்றார். அவர் வாயிலிருந்து வந்தது அது ஒன்றுதான். மனைவி அவரைப் பார்த்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். மனிதர் கல்நெஞ்சக்காரர் இல்லை. துக்கத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை, அதனால் வெல்வெட் விரித்த தட்டில் வகை பிரித்து வைத்தார். நீல நாடா ஒரு தட்டில், பால்வெள்ளை ஒரு தட்டில், உள்ளே பொன்துகள் மினுங்குவது இன்னொன்றில். எதற்காக அழுதபோது எது விழுந்தது என்று அவர் கேட்கவே இல்லை.

பழைய கோலியைச் சாணை பிடிக்கக் கூடாது. பிடித்தால் கீறலோடு தழும்பும் போய்விடும், அப்புறம் அது என்ன வயது, யார் கை பட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. கோலி சேர்ப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த விதி இது. அவரும் அதுவரை மீறியதில்லை. ஆனால் மனைவியின் கோலிகள் சிமெண்டுத் தரையில் விழுந்து சில்லு பெயர்ந்திருந்தன. மற்ற கோலிகளின் கீறல் காலம் போட்டது, இது தரை போட்டதுதானே என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டார். மூக்குக்கண்ணாடிச் சில்லு தேய்த்தே பழகிய கை வேறு. கடையின் பின்கட்டில் இருந்த சாணைச் சக்கரத்தில் ஒவ்வொன்றாகக் கொடுத்தார். கோலிகள் பளபளவென்று ஆயின.

அதே நாட்களில் மனைவி துணி மடிக்கும்போது ஒரு சின்னக் கவுனைத் தூக்கிப்பிடித்து, இது யாருடையது என்று கேட்டாள். இன்னொரு நாள் வாசலில் கிடந்த குட்டிச் செருப்பைத் தையல்காரி வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தாள். அழுது அழுது புத்தி மரத்துவிட்டது என்று எல்லாரும் நினைத்தார்கள். அழுகையும் குறைந்துவந்தது. தேய்க்காமல் மிச்சமிருந்தது ஒரே ஒரு கோலி. ஒரு பிற்பகலில் அதை அவர் சக்கரத்தில் வைக்கும்போது, அவள் பின்கட்டு வாசலில் நின்று தலை துவட்டிக்கொண்டிருந்தாள்.

"வாலுவுக்கு முதல் பல்லு விழுந்துச்சே, அத கையில வச்சுக்கிட்டு தரவே மாட்டேன்னு அவ..." என்றாள். சக்கரம் கோலியைத் தொட்டது. பேச்சு நின்றது.

"அவ?" என்றார்.

"எவ?" என்றாள்.

அவர் சக்கரத்தை நிறுத்தினார். தழும்பு போய்விட்டிருந்தது. கையில் மொழுமொழுவென்று ஓர் அழகான கண்ணாடி உருண்டை, வயது சொல்ல முடியாதது.

அதற்குப் பிறகு மனைவி நன்றாகத் தூங்கினாள், நன்றாகச் சாப்பிட்டாள், தையல்காரியோடு சினிமாவுக்குக்கூடப் போனாள். பொம்பளை தேறிவிட்டாள் என்று தெரு நிம்மதிப்பட்டது. கடைக்காரருக்குத்தான் தாங்கவில்லை. மகளைப் பற்றிப் பேச உலகத்தில் அவருக்கு இருந்த ஒரே ஆளை, தன் கையாலேயே தேய்த்துவிட்டார். சுவரில் இருந்த மகளின் படத்தைக் காட்டினார். "லட்சணமா இருக்கா. யாரு வீட்டுப் புள்ளங்க இது?" என்றாள் அவள். அவர் பின்கட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆனால் தேய்த்த தூள் எங்கும் போய்விடவில்லை. வாயில் துணி கட்டாமல் வேலை செய்கிற ஆள் அவர், பாதி அவர் நெஞ்சுக்குள்தான் போயிருந்தது. மழை பிடித்த மாதத்தில் இருமல் வந்தது. இருமலோடு, அவர் கண்ணால் பார்த்தே இராத விஷயங்கள் ஞாபகத்துக்கு வரத் தொடங்கின. மகள் சோப்பு நுரையால் மீசை வைத்துக்கொண்டது. பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று கட்டிலுக்கடியில் ஒளிந்தது. கடைசி மதியம் நாக்கு வறண்டு தண்ணீர் கேட்டது, "அப்பா வந்துட்டாராம்மா" என்று கேட்டது, வந்துகொண்டே இருக்கிறார் என்று அம்மா பொய் சொன்னது. அந்த ஞாபகம் வந்த அன்று அவர் கடை ஸ்டூலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். கடுகளவு கோலிகள் தரையெங்கும் சிதறின.

சத்தம் கேட்டு வந்த மனைவி முறத்தில் கூட்டி அள்ளினாள். டாக்டரிடம் போகவேண்டாம் என்று அவர் சொல்ல, சரி என்றாள். இப்போது மாலையில் கடை சாத்தியதும் இருவரும் ஜன்னலோரம் உட்காருகிறார்கள். சக்கரத்தை அவர் விற்றுவிட்டார். அவள் ஒரு சின்னக் கோலியை எடுத்து வெளிச்சத்தில் பிடிப்பாள். "இது எந்தக் காலத்துதுங்க?" அவர் பூதக்கண்ணாடியில் தழும்பைப் பார்த்துச் சொல்லுவார், இது பல் விழுந்த வருஷத்தது, இது சோப்பு மீசை. யாரோ ஒரு குறும்புக்காரப் பெண்ணின் கதையைக் கேட்பதுபோல் அவள் கேட்டுச் சிரிப்பாள்.

ஒருநாள் அவள் எடுத்துக் கொடுத்த கோலியைப் பார்த்துவிட்டு அவர் அதைத் திரும்பத் தட்டில் வைக்கப் போனார். "சொல்லுங்க" என்றாள். அவர் சொன்னார், தண்ணீர் கேட்டதையும், அப்பாவைக் கேட்டதையும், அம்மா சொன்ன பொய்யையும். "அந்த அம்மா பாவங்க" என்றாள் அவள். அவள் வலது கண்ணில் தண்ணீர் வந்தது. சாதாரணத் தண்ணீர். முந்தானையால் துடைத்துக்கொண்டு, அடுத்ததை எடுத்தாள்.