கலினா படுத்த மூலை

எங்கள் பண்ணையில் மாடுகள் இருக்குமா போகுமா என்பது போன வருஷத்திலிருந்து ஒரு சுத்தியலின் கையில் இருந்தது. மாட்டுக்கொட்டகையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து ஆணியில் அது தொங்கும். குழாய் உறைந்து தொட்டி கல்லாகிப் போகிற நாட்களில் என் தம்பி ஓரெஸ்ட் அதை எடுத்துப் பனிக்கட்டியை உடைப்பான். பிறகு வீட்டிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமப்பான். போன குளிர்காலத்தில் அப்படிச் சுமக்கும்போது வழுக்கி விழுந்து வலது தோளை உடைத்துக்கொண்டான். நான் போய்ப் பார்த்தபோது பனியில் மல்லாந்து கிடந்தான். வாளித் தண்ணீர் கால்சட்டையில் கொட்டிப் பலகையாக இறுகியிருந்தது.

தோள் கட்டை அவிழ்த்த அன்று சொன்னான்: “அக்கா, இன்னொரு தடவை அந்தச் சுத்தியலை நான் ஆணியிலேர்ந்து எடுத்தேன்னு வெச்சுக்க, அன்னைக்கே மாட்டுத் தரகன் வாசிலுக்குப் போன் போட்டுடுவேன். லாரியைக் கொண்டாந்து அத்தனையையும் சந்தைக்கு ஏத்திக்கிட்டுப் போகட்டும். நமக்கென்ன சின்ன வயசா?”

எனக்கு வாய் நீளம் என்று கனடாவின் இந்த சஸ்காச்சுவனில் பாதிப் பேருக்குத் தெரியும். ஆனால் உடைந்த தோளோடு எப்படிச் சண்டை போடுவது? “சரிடா” என்றேன். கல்யாணம் காட்சி எதுவும் நடக்காத வீடு எங்களுடையது. நாங்கள் இரண்டு பேர், மாடுகள், அவ்வளவுதான். கொட்டகை காலியாகிவிட்டால் விடிந்ததும் எதற்காக எழுந்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். பயமாக இருந்தது.

ஆகவே குழாய் உறையக் கூடாது. மண்ணுக்குள் ஆழமாக வருகிற வரைக்கும் அதற்கு ஒரு குறையும் இல்லை. கொட்டகைக்குள் தலையை நீட்டி, பின்சுவரோரமாகத் தொட்டிவரை ஓடுகிற அந்தக் கொஞ்ச தூரத்தில்தான் எமன் உட்கார்ந்திருக்கிறான். இலையெல்லாம் உதிர்ந்த பிறகு, மாடுகள் இன்னும் மேய்ச்சலில் இருந்தபோது, நான் குழாயைச் சூடாக்குகிற ஹீட்டிங் கேபிளும், குளிரானால் தானாக அதை இயக்குகிற தெர்மோஸ்டாட்டும் வாங்கி வந்தேன்.

“நீயா மாட்டப்போற?” என்றான் ஓரெஸ்ட்.

“பின்ன, உன் தோளா மாட்டும்?”

கேபிளைக் குழாயின் அடிப்பக்கமாக நேராக ஓட்டினேன். ஒன்றின்மேல் ஒன்று ஏறக் கூடாது, ஏறினால் அந்த இடத்தில் கருகிவிடும். நாடாவால் கட்டி, மேலே பஞ்சுறை சுற்றி, மாடுகள் கடிக்காமலிருக்கப் பலகையால் கூடு அடித்தேன். தெர்மோஸ்டாட் பெட்டியைச் சுவரில் உயரமாகப் பொருத்தினேன். அதிலிருந்து நூல் மாதிரி ஒரு செம்புக் குழாய் இறங்கும், அதன் நுனியில் சுண்டுவிரல் பருமனுக்கு ஒரு குமிழ். குளிரைத் தொட்டுப் பார்க்கிற விரல் அதுதான். வெயில் படாத, இருப்பதிலேயே குளிரான இடத்தில் அதை வை என்று குறிப்பில் போட்டிருந்தது. நான் கொட்டகை முழுக்கத் தவழ்ந்து தேடி, பின்சுவர் மூலையில், தரைக்கு ஒரு முழம் மேலே வைத்தேன். நக்கிவிடாமல் இருக்க ஓட்டை போட்ட தகர டப்பா ஒன்றையும் கவிழ்த்தேன். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

சோதித்துப் பார்க்கும்போது ஓரெஸ்டையும் கூப்பிட்டேன். ஒரு குவளையில் பனிக்கட்டியும் தண்ணீருமாகக் கலந்து குமிழை அதில் முக்கினேன். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பெட்டிக்குள் ‘டக்’. கேபிளில் மின்சாரம் ஓடுவதைக் காட்ட வெளிச்சுவரில் நான் மாட்டியிருந்த சிவப்பு விளக்கு எரிந்தது. குமிழை எடுத்து உள்ளங்கையில் பொத்தினேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் ‘டக்’. விளக்கு அணைந்தது.

“இன்னொரு தடவை பண்ணு” என்றான், குழந்தை மாதிரி.

உள்ளே இருப்பது ஒரு சொட்டுத் திரவம். குளிர்ந்தால் சுருங்கும், சூடானால் விரியும். அது சுருங்கினால் கேபிளுக்கு மின்சாரம் போகும், விரிந்தால் நிற்கும். இவ்வளவுதான் சங்கதி. ஆனாலும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. நாங்கள் குறட்டை விட்டுத் தூங்கும்போது, எங்களுக்குப் பதிலாக ஒரு சொட்டு அந்த இருட்டு மூலையில் விழித்திருந்து நடுங்கப்போகிறதே!

டிசம்பர் முழுக்க அது நடுங்கியது, சிவப்பு விளக்கு எரிந்தது, தொட்டியில் தண்ணீர் ததும்பியது. சமையலறை ஜன்னலிலிருந்தே விளக்கு தெரியும். ஓரெஸ்ட் காபிக் கோப்பையோடு அந்த ஜன்னலிலேயே நிற்பான். கேட்டால் வானத்தைப் பார்க்கிறானாம்.

பழைய உக்ரேனிய வழக்கப்படி எங்கள் கிறிஸ்துமஸ் ஜனவரி ஏழு. அதற்கு முந்தின நாள் மைனஸ் முப்பத்தெட்டு டிகிரி. காற்றில்லை. புகைபோக்கிகளிலிருந்து புகை கம்பம் நட்டது மாதிரி நின்றது. சாயங்கால விருந்துக்காக நான் குட்யா கிண்டிக்கொண்டிருந்தேன். கோதுமையை வேகவைத்துக் கசகசாவும் தேனும் கலந்தால் குட்யா. அதில் முதல் கவளம் மாட்டுக்குப் போன பிறகுதான் மனுஷனுக்கு. வெயில் சாய்கிற நேரத்தில் தற்செயலாக நிமிர்ந்து பார்த்தேன். சிவப்பு விளக்கு எரியவில்லை.

கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

ஓரெஸ்ட் என் பார்வை போன திசையில் பார்த்தான். திட்டியிருந்தால்கூடத் தேவலை. கோட்டை மாட்டிக்கொண்டு குட்யாக் கிண்ணத்தை எடுத்தான்.

“அதை எதுக்குடா இப்போ?”

“விக்கிற மாடா இருந்தாலும் இன்னைக்குப் பசியோட நிக்கக் கூடாதுல்ல.”

எனக்கு அழுகை வந்தது. அந்தக் குளிரில் அழுதால் இமை ஒட்டிக்கொள்ளும் என்று அடக்கிக்கொண்டேன்.

கொட்டகைக்குள் நுழைந்து சுவிட்சைத் தட்டினேன். மின்விளக்கு எரிந்தது. மின்சாரத்தில் குறையில்லை. பெட்டியில் காதை வைத்தேன், சத்தமில்லை.

“செத்துப்போச்சா?” என்றான் ஓரெஸ்ட்.

“தெரியலடா. குமிழைப் பார்க்கணும்.”

மூலையைப் பார்த்தால் குமிழ் இருந்த இடத்தில் கலினா. எங்கள் கிழட்டுச் சிவப்புப் பசு. மற்ற மாடுகள் முன்பக்கம் நெருக்கியடித்து நிற்க, இவள் மட்டும் மூலையை அடைத்துக்கொண்டு வைக்கோலில் படுத்திருந்தாள். காலையில் வெளியே போனபோது முதுகில் படிந்த பனி அப்படியே வெள்ளையாக இருந்தது, ஒரு பொட்டுகூட உருகவில்லை. என்னைப் பார்த்ததும் தலையைத் தாழ்த்தி உறுமினாள்.

“கோவத்தப் பாரு! ஏய் கலினா, எந்திரிடி. அந்தப் பக்கம் போ.”

எழுந்திருக்கவில்லை. ஓரெஸ்ட் குனிந்து பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். “அக்கா” என்றான்.

அவள் வயிற்றுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கன்றுக்குட்டி. ஈரம்கூடக் காயவில்லை. முதுகு தகர டப்பாவில் ஒட்டியிருக்க, ஆவி பறக்கப் படுத்திருந்தது. மார்ச்சில் ஈன வேண்டியவள். பக்கத்துப் பண்ணைக் காளை முன்கூட்டியே வேலி தாண்டின சங்கதி அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. இந்தக் குளிரில் பிறக்கிற கன்றுக்குக் காது முதலில் போகும், பிறகு உயிர். நான் கையுறையைக் கழற்றிக் காதைத் தொட்டேன். சூடாக இருந்தது. அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த ரொட்டி மாதிரி இருந்தது.

எனக்கு எல்லாம் ஒரே நொடியில் புரிந்தது.

“டேய், அது சாகலடா. அதுக்கு வெயில் காலம் வந்துடுச்சு!”

“என்ன சொல்ற?”

“கேபிள் சூடானதுல இந்த மூலை லேசா வெதுவெதுன்னு இருந்திருக்கு. அதான் இவ இங்க வந்து ஈன்றிருக்கா. அப்புறம் தாயும் பிள்ளையும் சேர்ந்து குமிழைச் சூடாக்கி கேபிளை அணைச்சுட்டாங்க. இருக்கிறதுலயே குளிரான இடம்னு நான் கண்டுபிடிச்சேன் பாரு! மாடு படுக்குமேன்னு இந்த மண்டைக்குத் தோணல.”

அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை, தொப்பியைக் கழற்றினான். கோயிலுக்குள் நுழையும்போது கழற்றுவானே, அதே மாதிரி. கலினாவின் முதுகுப் பனியை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் பார்த்தேன். வெளியே ஒரு துளி சூட்டைக்கூட விடவில்லை அவள். இருந்ததையெல்லாம் உள்பக்கமாகக் கொடுத்திருக்கிறாள். வெளியே மைனஸ் முப்பத்தெட்டு, உள்ளே ஒரு கருவியையே ஏமாற்றுகிற கோடை. இத்தனை வருஷம் மாடு வளர்த்தேன் என்று பேர், அன்றுதான் மாட்டைப் பார்த்தேன்.

ஓரெஸ்ட் குட்யாக் கிண்ணத்தைக் கலினாவின் முகத்துக்கு முன்னால் வைத்தான். அவள் அதில் வாயை வைத்த நேரம் பார்த்துக் கன்றைத் தூக்கிக் கோட்டுக்குள் பொத்திக்கொண்டான். கலினா பதறி எழுந்தாள். மூலை காலியானது.

“வீட்டுக்குப் போலாம், குளியல் தொட்டியில போட்டு உலர்த்தலாம்” என்றேன்.

“பொறு” என்றான்.

நின்றோம். கலினாவின் மூச்சும் கன்றின் முனகலும் மட்டும் கேட்டன. டப்பா ஆறியது. ‘டக்’.

வெளியே பனிமேல் சிவப்பு வெளிச்சம் விழுந்தது. ஆனால் அதோடு கணக்கு முடியவில்லையே. இரண்டு பேரும் திரும்பித் தொட்டியைப் பார்த்தோம்.

மேலே வெள்ளையாக மூடியிருந்தது. நான் தட்டிப் பார்த்தேன், ணங்கென்றது. விரல் பருமனாவது இருக்கும். பக்கத்து ஆணியில் சுத்தியல் தொங்கியது. அதை அவன் எடுத்தால் வாசிலுக்குப் போன். பேச்சு பேச்சாக இருக்க வேண்டும் இல்லையா?

“இதைப் பிடி” என்று கன்றை என்னிடம் கொடுத்தான் ஓரெஸ்ட். நான் அதை என் கோட்டுக்குள் வைத்துக்கொண்டேன். ஆணியின் பக்கம் திரும்பக்கூட இல்லை. முழங்கையை மடக்கி, உடம்பு பாரம் முழுவதையும் போட்டுப் பனிக்கட்டியில் இடித்தான். வலது கை. உடைந்து ஒட்டின தோள். முகம் சுருங்கியது, சத்தம் வரவில்லை. மறுபடி இடித்தான். மூன்றாவது இடிக்குக் கட்டி பிளந்தது. குழாய் வாயைத் திறந்து மூடுகிற மிதவையை விரலால் அமுக்கினான். ஒன்றும் வரவில்லை. பிறகு குழாய்க்குள் ஏதோ செருமியது, பனிக்கூழ் துப்பியது, அதன் பின்னால் தண்ணீர் தெளிவாக ஓடி வந்தது.

கலினா எங்களை இடித்துக்கொண்டு வந்து குடித்தாள்.

“உறைஞ்சிருந்துச்சேடா” என்றேன். பாழாய்ப்போன வாய், சும்மா இருக்கத் தெரியாது.

ஓரெஸ்ட் தோளைத் தடவிக்கொண்டே என்னை முறைத்தான். “எங்க உறைஞ்சிருந்துச்சு? இது பால்மேல படியற ஆடை. சுத்தியல எடுத்தேனா நான்? சொல்லு, எடுத்தேனா?”

“இல்ல.”

“அப்புறமென்ன. நாளைக்கு அந்தக் குமிழை மாடு எட்டாத இடத்துல வை. இப்போ குட்டியைக் கொடு, உனக்குக் கோட்டுல பொத்தான்கூட ஒழுங்கா போடத் தெரியல.”