தோட்டாப் பெட்டியைச் சுமந்தவர்

என் அக்கா வீட்டுக்காரர் அர்த்தநாரி மச்சான் துப்பாக்கி வாங்கிய கதையைப் பல வருடங்களாகச் சந்தேகித்து வருகிறேன். அவர் பொய் சொல்கிறவர் அல்ல. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் ஒரே இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார். அல்லது என் சந்தேகப் புத்திதான் இல்லாத பள்ளத்தைப் பார்க்கிறதோ, தெரியவில்லை.

எங்கள் பக்கத்தில் துப்பாக்கி வாங்கப் போகிறவர், எதைச் சுடப்போகிறாரோ அதையும் கடைக்கு அழைத்துப் போக வேண்டும். சுடப்படுகிறவருக்குச் சம்மதம் இல்லாமல் கடையில் துப்பாக்கி தர மாட்டார்கள். சம்மதித்தவர், திரும்பி வரும்போது தோட்டாப் பெட்டியைத் தானே சுமந்து வருவார். சம்மதத்துக்கு அதுதான் அடையாளம். அதற்குப் பிறகு, சுடும் நாள் வரை அவருக்கு வேண்டிய அளவு சாப்பாடு போடுவது வாங்கியவருடைய பொறுப்பு.

அந்த வருடம் மச்சானின் நிலக்கடலையை ஒரு காட்டுப்பன்றி தோண்டித் தின்றுகொண்டிருந்தது. முந்தைய வருடமும் அதுதான் தின்றது. இந்த அறுவடையும் போனால் கடலைக்காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போவது என்று அக்காவும் மச்சானும் பேசி முடித்திருந்தார்கள். இன்னொரு பக்கம், மச்சான் ஏரிக்கரைச் சங்கத்தில் உறுப்பினர். அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் மரப்பலகையில் வட்டம் வரைந்து சுடுவார்கள். மச்சான் இரவல் துப்பாக்கியில் சுடுவார். பலகையில் ஒருமுறைகூடப் பட்டதில்லை. பன்றிக்கு ஒன்று, பலகைக்கு ஒன்று என்று வாங்க வசதி இல்லை. இரண்டுக்கும் ஒத்துவருகிற ஒரே துப்பாக்கியாக, நடுத்தர விலையில் பார்க்க வேண்டும். இதைப் பற்றி ஆடி மாதம் முழுவதும் யோசித்தார்.

"பொண்ணு பாக்கப் போறவங்கூட இத்தன யோசிக்க மாட்டான்" என்றாள் அக்கா. "என்னையப் பாக்க வந்தன்னிக்கு பஜ்ஜி ஆறுறதுக்குள்ள சரின்னு சொல்லிப் போட்டீங்க."

"அன்னிக்கு யோசிக்காததுக்குத்தான் இன்னிக்கு யோசிக்கறேன்" என்றார் மச்சான்.

ஒரு காலையில் வரப்பில் நின்று பன்றியைக் கூப்பிட்டார். அது வாயிலிருந்த மண்ணைத் துப்பிவிட்டு வந்தது. பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மச்சானும், பின்னால் பன்றியும் சேலம் பஸ் ஏறினார்கள். கடைக்குப் போகிறவர்களைப் பார்த்தாலே தெரியும் என்பதால் கண்டக்டர் பன்றிக்கு ஜன்னலோரம் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்.

கடைக்காரர் கமாலுதீன் பாய் மூவரையும் உட்காரச் சொன்னார். பலகையைச் சுவரில் சாய்த்து வைத்தார். பலகைக்கு ஆட்சேபணை இருக்கிறதா என்று சற்று நேரம் காத்திருந்தார். இல்லை. பிறகு துப்பாக்கிகளை ஒவ்வொன்றாக மேசைமேல் எடுத்து வைத்தார்.

"தூக்கிட்டுக் காடு சுத்தணும்னா குழல் மெலிசா இருக்கணும்" என்றார் பாய். "பலகைக்குன்னா தடிச்ச குழல். கனம் இருக்கும், ஆனா ஆடாது. ரெண்டுல ஒண்ணத்தான் சொல்லணும்."

மச்சான் மெலிந்ததைத் தூக்கிப் பார்த்தார். அவருக்குக் கை கொஞ்சம் நடுங்கும். குழலின் முனை காற்றில் சிறிய வட்டங்கள் போட்டது. பன்றி அதைக் கவனித்துக்கொண்டிருந்தது.

"எதுக்குங்க மெலிசு?" என்றது பன்றி. "காட்டச் சுத்திக்கிட்டு யாரு அலையப் போறா? எங்க நிக்கோணும்னு சொன்னா நானே வந்து நின்னுக்கறேன். தடிச்சதே எடுங்க. எங்க அண்ணனுக்கு அரகொறையாப் பட்டு, முள்ளுக்குள்ள கெடந்து, உசுரு போறதுக்கு ரெண்டு நாளாச்சு. எனக்கு அது வேண்டாமுங்க."

பாய் மெலிந்த துப்பாக்கிகளை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

அடுத்தது, பணத்தை எதில் போடுவது என்ற கேள்வி. நல்ல துப்பாக்கி வாங்கினால் அதன்மேல் பொருத்துகிற தொலைநோக்கி சுமாராகத்தான் அமையும். நல்ல தொலைநோக்கி என்றால் துப்பாக்கி சுமார்.

"கண்ணு நல்லா இருந்தா துப்பாக்கியில போடுங்க. கண்ணு மங்கல்னா கண்ணாடியில போடுங்க" என்றார் பாய்.

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்குது" என்றார் மச்சான்.

"எனக்குத்தான் தூரத்துல ஒண்ணும் தெரியாதுங்க" என்றது பன்றி. அவர்கள் பரம்பரைக்கே அப்படித்தானாம்.

கடையின் பின்புறத்தில் சுட்டுப் பார்க்க இடம் இருந்தது. பலகையைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். தடித்த குழல் கொண்ட ஒன்றை மச்சான் தோளில் வைத்துச் சுட்டார். தோட்டா பலகையை விட்டு விலகி, கொடியில் காய்ந்துகொண்டிருந்த பாயின் லுங்கியில் பட்டது.

"அர்த்தநாரி, பன்னியக் கூட்டிட்டு வந்தீங்க, பலகையக் கூட்டிட்டு வந்தீங்க" என்றார் பாய். "என் லுங்கிகிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

மச்சான் லுங்கியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். அப்போது பன்றி, "கொஞ்சம் குடுங்க, நான் பாக்கறேன்" என்றது.

பன்றிக்குக் கழுத்து கிடையாது. அதனால் துப்பாக்கியின் கட்டை தோளிலும் கன்னத்திலும் ஒரே நேரத்தில் வாகாகச் சேர்ந்தது. பிளந்த குளம்பு விசைக்கென்றே செய்தது போலிருந்தது. ஆனாலும் அது சுடவில்லை. தலையை எடுத்து, "பலக எங்கீங்க?" என்று கேட்டது. பாய் உள்ளே போய் நல்ல தொலைநோக்கியாக ஒன்றைக் கொண்டுவந்து பொருத்தினார். பன்றி அதன் வழியே வெகுநேரம் பார்த்தது. உலகம் இவ்வளவு விளிம்போடு இருக்கும் என்று நினைக்கவில்லை என்றது. பிறகு சுட்டது. வட்டத்தின் நடுவில் பட்டது. மறுபடியும் சுட்டது. அதே துளை.

பாய் துப்பாக்கியைத் துணியால் துடைத்து உறையில் போட்டார். "யாரு தோளுக்குச் சேருதோ அவங்கதான் வாங்கறவங்க. மத்ததெல்லாம் வீட்டுக்குப் போயிப் பேசிக்கங்க" என்றார். மச்சானுக்கு ஒரு பெரிய சுமை இறங்கியது போலிருந்ததாம். இதை எப்போதும் சிரித்துக்கொண்டே சொல்வார். பணத்தை அவர்தான் எடுத்துக் கொடுத்தார், பன்றிக்குச் சட்டைப்பை இல்லாததால். பாய் தோட்டாப் பெட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

அதற்கு அடுத்து மச்சான் சொல்வது, வீட்டில் அக்கா காபி போட்டுக் கொடுத்தது பற்றி.

அந்த வருட நிலக்கடலை முழுதாக வீடு வந்து சேர்ந்தது. பன்றி வரப்பில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மற்றப் பன்றிகள் மலைக்குத் திரும்பிப் போய்விட்டன. யாரும் திருப்பூர் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அது சங்கத்துக்குப் போகிறது. பரிசாக வந்த எவர்சில்வர் குடத்தில்தான் அக்கா தண்ணீர் பிடித்து வைக்கிறாள். எல்லாரும் நன்றாக இருக்கும்போது நான் மட்டும் ஏன் ஒரு பெட்டியை நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று என்னையே கேட்டிருக்கிறேன்.

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வேப்பமர நிழலில் மச்சான் கயிற்றுக்கட்டிலில் சாய்ந்திருந்தார். ஆள் நன்றாகச் சதை போட்டு, கன்னமெல்லாம் மினுமினுத்தது. கை நடுக்கம்கூட நின்றிருந்தது.

"இப்பத்தான் மனுசனாட்டம் இருக்கறாரு" என்றாள் அக்கா. "ஒரு வேளைச் சோறு தவறவிடறதில்ல. பன்னியே வந்து பக்கத்துல நின்னு பாத்துக்குது."

சற்று நேரத்தில் பன்றி வந்தது. என்னைப் பார்த்து, "வாங்க, சௌக்கியமுங்களா?" என்றது. புது அறுவடையில் பொறுக்கியெடுத்த கடலையை வேகவைத்து, ஒரு கூடை நிறைய மச்சானுக்கு எடுத்து வந்திருந்தது. அவர் போதும் என்றார். அது இன்னும் கொஞ்சம் என்றது. அவர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். பன்றி போய் வரப்பில் உட்கார்ந்து தொலைநோக்கியின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தது.

மச்சான் ஒரு கடலையை உரித்து என் கையில் வைத்தார். இனிப்பாக இருந்தது. அதை மென்று விழுங்கிவிட்டுக் கேட்டேன்:

"மச்சான், அன்னிக்கு பஸ்ஸ விட்டு எறங்கி வீடு வரைக்கும் அந்தத் தோட்டாப் பெட்டியத் தூக்கிட்டு வந்தது யாருங்க?"