தண்ணி திருடிய ராஜாவின் குரல்

எனக்கு இங்கிலீஷ் தெரியும்னு நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. அவங்களா முடிவு பண்ணிக்கிட்டாங்க. எங்க ரப்பர் தோட்டத்து லயத்து வீடுகள்ல, பால் மரம் வெட்டுற பொம்பளைங்கள்ல சிரம்பான் டவுனுக்குப் போய் ஃபாரம் திரீ வரைக்கும் படிச்சவ நான் ஒருத்திதான். லோரி ஓட்டுற முருகையா அண்ணன் வீடியோ டெக் வாங்கின அன்னிக்கே, "பாஞ்சாலை, நீதான் கதை சொல்லணும்"னு மைக்கை என் கையில திணிச்சிட்டாரு.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஆயக்கொட்டகையில படம். வேலை நாள்ல கைப்பிள்ளைங்கள விட்டுட்டுப் போற இடம் அது. ஞாயித்துக்கிழமை ஏணைத் தூளியெல்லாம் அவுத்து ஓரமாப் போட்டுட்டு டிவிய வெச்சிடுவோம். படம், ஜப்பான்காரன் போட்ட கார்ட்டூன். அங்க வாராவாரம் டிவியில காட்டினதை எவனோ இங்கிலீஷ் பேச வெச்சு, நாலு வாரக் கதையை ஒரு டேப்புல ஒட்டி வித்திருக்கான். லோபாக்ல வீடியோ கடை வெச்சிருக்கிற சோலையப்பன்கிட்ட வாடகைக்கு எடுப்போம்.

பிள்ளைங்க பார்க்கிறதாச்சேன்னு வெட்டு குத்தையெல்லாம் அந்த இங்கிலீஷ்காரன் நறுக்கி எடுத்திருவான். ஒருத்தன் கத்தியை ஓங்குவான். அடுத்த நிமிஷம் எல்லாரும் வேற எங்கயோ நின்னு சிரிச்சுக்கிட்டிருப்பாங்க. நடுவுல என்ன ஆச்சுன்னு நான்தான் சொல்லியாகணும். எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் கால்வாசி, மீதி முக்கால்வாசி என் வாய். படத்துல யார் பேசினாலும் 'நான்'னுதான் சொல்லணும். 'அவன் சொல்றான், இவ சொல்றா'ன்னு இழுத்தா, பின்னால உட்கார்ந்திருக்கிற மாயாண்டி மாமா, "கதை சொல்றியா, கோள் சொல்றியா?"ம்பாரு.

அந்தக் கதையில ஒரு ராஜா. எப்பவும் இரும்பு முகமூடிதான். பூமியில உள்ள ஆத்துத் தண்ணியெல்லாம் உறிஞ்சித் தன் ஊருக்குக் கொண்டு போறவன். இதைப் பார்த்துட்டு என் வாய் சும்மா இருக்குமா?

எங்க லயத்துல அறுபது வீட்டுக்கு நாலு பைப்பு. சாயங்காலம் அரை மணி நேரம்தான் தண்ணி வரும். வால்வு சாவி கிராணியார் ராமகிருஷ்ணன் கையில. ஆபீஸ் வேலை அவருக்கு. யாரு எந்தக் காட்டுல வெட்டணும்னு எழுதுறதும் அவர்தான். அவர் வீட்டு வாசல்ல சிமெண்டுக் குளம், குளத்துல கலர் மீனு, சுத்தி ஓர்கிட் பூச்செடி. அங்க மட்டும் நாள் பூரா பைப்பு ஓடும். நாங்க அரிசி களைஞ்ச தண்ணியில கை கழுவிக்கிட்டிருப்போம். எரிச்சலா இருக்காதா?

அதனால ராஜாவுக்கும் நான் ஒரு மீன் குளம் கட்டிக் குடுத்தேன். "என் மீனுக்கு மூச்சு முட்டுதுடா, இன்னும் ரெண்டு ஆறு கொண்டாங்கடா"ன்னு ராஜா கட்டளை போட்டதும், சனங்க வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. மூணே வாரத்துல பிள்ளைங்க அந்த ராஜாவுக்குக் கிராணின்னே பேர் வெச்சிருச்சுங்க.

விஷயம் அவர் காதுக்குப் போகாம இருக்குமா? சனிக்கிழமை காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்கு எல்லாரும் வரிசையில நிக்கிறப்போ, என் பேரை வாசிச்சிட்டு நிறுத்தினாரு.

"நாளைக்கு நானும் படம் பார்க்க வரேன். படத்துல இல்லாதது ஒரு வார்த்தை உன் வாயில வந்துச்சு, திங்கக்கிழமை முதல் நீ மலைக்காடுதான்."

என் மகளுக்கு அப்போ நாலு மாசம். நான் வெட்டுற காடு பக்கத்துல இருந்ததால, நடுவுல ஓடி வந்து பால் குடுத்துட்டுப் போவேன். மலைக்காட்டுலேர்ந்து நடந்து வரவே ஒரு மணி நேரம் ஆகும். பிள்ளை அழுது அழுது தொண்டை வறண்டுதான் கிடக்கணும். அதோட, படத்துல உள்ளதை மட்டும் சொல்ல எனக்கு இங்கிலீஷ் ஏது? ராத்திரி சோறு எறங்கல. "வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்தியா நீ?"ன்னாரு என் வீட்டுக்காரர் அர்ச்சுனன். அவரும்தான் போன வாரம் விழுந்து விழுந்து சிரிச்சாரு.

மறுநாள் கிராணியார் வீட்டுலேர்ந்தே நாற்காலி தூக்கியாந்து முன்னால போட்டு உட்கார்ந்தாரு. அன்னிக்குக் கடைசி டேப்பு. ராஜா வந்து நீளமா என்னமோ பேசினான். எனக்குப் புரிஞ்சது கடைசி வார்த்தை மட்டும்தான்.

"நான்... வரேன்"னேன்.

"அவ்வளவு நேரம் பேசினான், நீ 'வரேன்'னு முடிச்சிட்ட. இதுக்கு உனக்கு மைக்கு ஒரு கேடு. குடு இங்க. மத்ததை நாளைக்குப் பெரட்டுல பேசிக்கலாம்"னு பிடுங்கிக்கிட்டாரு. அவரு சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை பாஸ். ரெண்டு நாளைக்கு ஒரு தடவை யார்கிட்டயாவது அதைச் சொல்லலைன்னா அவருக்குத் தூக்கம் வராது.

நான் மகளை மடியில போட்டுக்கிட்டு ஓரமா உட்கார்ந்தேன். என் கதை முடிஞ்சுச்சுன்னு அழுகையா வந்துச்சு.

"அவன் என்ன சொல்றான்னா..."ன்னு கிராணியார் ஆரம்பிச்சாரு.

"நான்னு சொல்லுங்க கிராணியாரே. இங்க அதான் வழக்கம்"னாரு மாயாண்டி மாமா.

கிராணியார் தொண்டையைக் கனைச்சுக்கிட்டாரு. பொய் சொல்லக் கூடாது, மனுஷன் நல்லாத்தான் சொன்னாரு. ராஜா உறுமினா இவரும் உறுமினாரு. போகப் போக எங்களையே மறந்துட்டாரு.

கடைசியில ஹீரோ, ராஜா தலைக்கு மேல கத்தியை ஓங்கினான். தலை உருள்றதைப் பார்க்க எல்லாரும் எந்திரிச்சு நின்னோம். வழக்கம்போல அந்த இடத்தை நறுக்கிட்டானுங்க. பார்த்தா, ராஜா முழங்கால் போட்டு உட்கார்ந்து உருக்கமாப் பேசிக்கிட்டிருக்கான். சாகிறதுக்குப் பதிலா மன்னிப்புக் கேட்க வெச்சிட்டாங்க போல. கிராணியார் ஓடுற வேகத்துல வரிக்கு வரி சொல்லிக்கிட்டே போனாரு.

"மக்களே, என்னை மன்னிச்சிடுங்க. உங்க தண்ணியைத் திருடினவன் நான்தான். நீங்க தாகத்துல தவிச்சீங்க. நான் உங்க தண்ணியை என் வீட்டுக்குத் திருப்பி..."

அங்கதான் அவருக்கு உறைச்சுது.

யாரும் சிரிக்கல.

"இது நான் சொல்லல. அவன் சொல்றான்"னாரு. மைக்கை வாய்கிட்ட வெச்சுக்கிட்டேதான் அதையும் சொன்னாரு.

"அவன் மூஞ்சியில வாயே இல்லையே கிராணியாரே. உங்க வாய்தானே அசைஞ்சுது"ன்னாரு மாயாண்டி மாமா. "சரி, எப்போ திறந்து விடுவீங்க?"

எனக்கு எங்கேர்ந்துதான் தைரியம் வந்துச்சோ. "முருகையாண்ணே, டேப்பைக் கொஞ்சம் நிறுத்துங்க. கிராணியார் பதில் சொல்லட்டும்"னேன். அண்ணன் பட்டனை அமுக்கினாரு. ராஜா முழங்கால் போட்டபடியே டிவியில நடுங்கிக்கிட்டு நின்னான்.

கிராணியார் திரும்பிப் பார்த்தாரு. அறுபது வீட்டு சனமும் நிக்குது. வாசலையும் அடைச்சுக்கிட்டு நிக்குது.

"நாளையிலேர்ந்து ஒரு மணி நேரம்."

"ரெண்டு"ன்னு ஒரு பொம்பளைக் குரல்.

"சரி, ரெண்டு."

நான் மகளைத் தோள்ல போட்டுக்கிட்டு அவர் முன்னால போய் நின்னேன். "மலைக்காடு?"

மகளைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு. "நீ இருக்கிற காட்டுலயே வெட்டு"ன்னாரு. அது ஸ்பீக்கர்ல கணீர்னு கேட்டுச்சு.

முருகையா அண்ணன் பட்டனைத் தட்டினாரு. ஹீரோ கத்தியைக் கீழே போட்டுட்டு ராஜாகிட்ட என்னமோ பேச ஆரம்பிச்சான். நான் கிராணியார் கையிலேர்ந்து மைக்கை மெதுவா வாங்கி, அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

"சரி, மன்னிச்சிட்டோம். போய் உட்காரு."

படத்துல ஹீரோ அப்படித்தான் சொன்னானான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. கிராணியார் போய் உட்கார்ந்தாரு.