அளவெட்டியில் ஒரு பொய்ச் செத்தவீடு

யாழ்ப்பாணத்தில் படம் எடுக்க வீடு கேட்டால் தருவார்கள். கல்யாணக் காட்சி என்றால் நகையும் சேர்த்துத் தருவார்கள். செத்தவீட்டுக் காட்சி என்று சொல்லிப் பாருங்கள், ஊற்றி வைத்த தேத்தண்ணியையும் திரும்ப எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள்.

எனக்கோ அந்த ஒரு காட்சிதான் மிச்சம். பண்டத்தரிப்பில் சொந்த வீட்டையே கேட்டுப் பார்த்தேன். அம்மா வேதப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "ஜெயனி, நீ படம் எடு, நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. ஆனா இந்த வீட்டிலை பெட்டி வைக்க விடமாட்டன்" என்றார். என் முதல் இரண்டு படங்களும் பாதியில் நின்றவை. இதுவும் நின்றால் வாழ்நாள் முழுக்க நான் கல்யாணமும் செத்தவீடும் வீடியோ எடுக்கிறவள்தான். வெளிநாட்டுச் சொந்தங்கள் பார்க்க வேண்டுமென்று, இங்கே கமரா இல்லாமல் ஒரு பிரேதமும் வீட்டைவிட்டு வெளிக்கிடுவதில்லை. என் சோறு அதில்தான்.

அளவெட்டித் தம்பிராசா ஐயா மட்டும் கேட்ட உடனே ஓம் என்றார். தோட்டக்காரர், எழுபது தாண்டியவர், நல்ல திடகாத்திரமான மனிதர்.

"வீடும் தாறன், வளவும் தாறன். ஆனா பிணமா நான்தான் படுப்பன்."

"ஐயா, அதுக்கு ஆள் இருக்கு." யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலிருந்து சிமியோன் என்ற நடிகரைப் பேசி வைத்திருந்தேன்.

"அப்ப வீடு இல்லை."

எனக்குப் பெரிய புதினமாக இருந்தது. தன் வீட்டிலேயே தன்னைப் பிரேதமாகப் போடு என்று ஒரு மனிதர் கேட்பாரா? நோய் வருத்தம் ஏதும் இருக்கிறதா என்று விசாரித்தேன். இல்லையாம். நடிக்க ஆசையா? "சும்மா படுக்கிறதிலை என்ன நடிப்பு?" மனைவி என்ன சொல்லுவார்? "குணலட்சுமி கொழும்பிலை, மகளிட்டை. இஞ்சை நிண்டாளெண்டால் உங்களைத் தும்புத்தடியாலை கலைச்சிருப்பாள்." கமராக்காரன் றோய், "அக்கா, வீடு கிடைச்சிட்டுதெல்லோ, இனி வாயை மூடுங்கோ" என்றான். மூடினேன். ஆனால் மனம் அரித்துக்கொண்டே இருந்தது.

ஊர் பயப்படக்கூடாதென்று ஒழுங்கை முழுக்க வீடு வீடாகப் போய், இது படம் என்று சொல்லி வைத்தேன். பக்கத்து வளவுக்கு மட்டும் அவர் என்னைப் போக விடவில்லை. அது அவருடைய தம்பி தியாகராசாவின் வீடு.

"அங்கை நான் சொல்லுறன் பிள்ளை" என்றார்.

படப்பிடிப்பன்று வெள்ளைக்கொடி கட்டி, பந்தல் போட்டு, பறையும் அடிக்கத் தொடங்கியாயிற்று. தம்பிராசா ஐயா குளித்துத் திருநீறு பூசி, வாய் திறவாதபடி நாடியையும், கால் பெருவிரல்களையும் முறைப்படி கட்டச் சொல்லி, பெட்டிக்குள் வசதியாகப் படுத்தார். அழ வந்த பெண்கள் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை அதட்டிவிட்டு றோய்க்குத் தலையாட்டினேன்.

அப்போது படலையைத் தள்ளிக்கொண்டு ஒருவர் ஓடி வந்தார். மேலில் சட்டை இல்லை, கால் முழுக்கத் தோட்டத்து மண். தியாகராசா! கமரா அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. செத்தவீட்டில் கமரா இல்லாவிட்டால்தானே சந்தேகம் வரும்? பெட்டியடியில் விழுந்து, கட்டியிருந்த கால்களைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணை! எழும்பண்ணை! ஒரு முழக் காணிக்கு இவ்வளவு காலமும் என்னோடை கதையாமல் கிடந்திட்டுப் போறியே! வேலியை நீ விரும்பின இடத்திலை போடண்ணை, எழும்பு!"

பெண்கள் இப்போது உண்மையாகவே அழுதார்கள். றோய் நிறுத்தாமல் எடுத்துக்கொண்டிருந்தான். அப்படி ஒரு முகத்தை நான் எடுத்ததே இல்லை. படம் பிழைத்துவிட்டது என்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

பெட்டிக்குள்ளிருந்து, கட்டிய நாடியோடு ஒரு குரல் வந்தது.

"எவடத்திலையடா போடுறது?"

பறை நின்றது. தியாகராசா மெல்ல எழும்பினார். தமையனைப் பார்த்தார், பந்தலைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான் செத்தவனோடைதான் கதைச்சனான்" என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குப் போய்விட்டார்.

நான் தம்பிராசா ஐயா மேல் பாய்ந்தேன். "சொல்லுறனெண்டு சொன்னியள்!"

"கதைபேச்சில்லாத வீட்டிலை எப்பிடிப் பிள்ளை சொல்லுறது?" கட்டை அவிழ்க்கவும் மறந்து பெட்டிக்குள் எழும்பி இருந்தார். "நான் செத்தால் அவன் வருவானோ வரமாட்டானோ எண்டு யோசிச்சு எனக்கு நித்திரையே இல்லை. செத்தாப் பிறகு அதை ஆரிட்டைக் கேக்கிறது?"

எனக்குக் கோபம் போய்விட்டது. நாடிக்கட்டை நானே அவிழ்த்துவிட்டேன்.

மறுநாள் றோயையும் கூட்டிக்கொண்டு தியாகராசா ஐயாவிடம் போனேன். அவர் சம்மதிக்காமல் அந்தக் காட்சியைப் படத்தில் போட முடியாது. வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டிக்கொண்டிருந்தார். கமராவில் போட்டுக் காட்டினோம். கடைசிவரை பார்த்தார்.

"அழி."

"ஐயா, இது இல்லாட்டி என்ரை படமே இல்லை."

"பிள்ளை, உது நான் என்ரை தமையனுக்கு அழுதது. படத்துக்கு அழேல்லை."

அவர் கண்ணுக்கு முன்னாலேயே அழித்தோம். வெட்கம் பார்க்காமல் அங்கேயே அழுதுவிட்டேன். அவர் கையிலிருந்த பிடியைக் கட்டி முடித்தார்.

"பந்தல் இன்னும் நிக்குதோ?"

"ஓம்."

"அப்ப திருப்பி எடு. படத்துக்கெண்டு வந்து அழுறன்."

பின்னேரம் சட்டை போட்டுத் தலை வாரி இழுத்துக்கொண்டு வந்தார். தமையன் அதற்கு முதலே பெட்டிக்குள் போய்ப் படுத்துவிட்டார். இருவரும் ஒருவரையொருவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நான் "அக்ஷன்" என்றதும் தியாகராசா நடந்து வந்து காலைப் பிடித்து, "அண்ணை" என்றார். அதற்கு மேல் வரவில்லை. கண்ணில் ஒரு சொட்டு இல்லை. தோட்டத்துக்குத் தண்ணி மாறியாச்சோ என்று கேட்கிற குரல். படுமோசமான நடிப்பு.

"இன்னொருக்கா எடுப்பம்" என்றார்.

எடுத்தோம். இந்த முறை வேலியைப் பற்றிச் சொன்னார். பிறகு தங்கள் தாயின் செத்தவீட்டில் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றதைச் சொன்னார். நான் எழுதிய கதையில் தாயும் இல்லை, வேலியும் இல்லை. றோய் என் காதுக்குள், "அக்கா, பிணம் ஒரு கண்ணாலை பாக்குது" என்றான்.

"பாக்கட்டும், எடு."

முடிந்ததும் பெட்டிக்குள்ளிருந்து ஒரு அபிப்பிராயம் வந்தது. "சரி வரேல்லைப் பிள்ளை. இன்னொருக்கா எடுக்கச் சொல்லு."

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அழ முடியாமல் தமையனின் காலைப் பிடித்துக்கொண்டு இருக்கிற ஒரு தம்பி. நேற்றையதற்குக் கிட்டவும் வராது, ஆனாலும் இந்தப் படம் பாதியில் நிற்காது. அழ வந்த பெண்களையும் பறைக்காரரையும் அனுப்பிவிட்டேன். இவர்கள் இருவரும் விட்டபாடில்லை. தம்பி என்னைப் பார்த்து "இன்னொருக்கா" என்பார். தமையனும் என்னிடம்தான், "ஓம், இன்னொருக்கா" என்பார். நேரே கதைக்க இரண்டு பேருக்கும் இன்னும் வாய் வரவில்லை.

றோய் கமராவைத் தோளிலிருந்து இறக்கினான். "பற்றரி முடிஞ்சுது அக்கா."

"தூக்கிப் பிடியடா" என்று மெல்லச் சொன்னேன். பிறகு இரண்டு பேருக்கும் நன்றாகக் கேட்கும்படி, "அக்ஷன்!" என்றேன்.