ஏழாவது புங்கமரம்

மரம் வெட்டுகிற லாரி தெருவுக்குள் நுழைந்தபோது மணி ஏழு. அதற்குள் சங்கரி, தறியில் ஏற்றப்போகும் பட்டுப் பாவைத் தெருவில் நீளமாக விரித்து, இழை விறைக்கக் கஞ்சியும் தெளித்து முடித்திருந்தாள். தெருவின் கடைசி மரமான ஏழாவது புங்கமரத்தின் நேர் அடியில் பட்டிழைகள் ஈரத்தோடு இழுத்துக் கட்டப்பட்டிருந்தன. ஈரப் பாவை நகர்த்த முடியாது. சுருட்டினால் இழையோடு இழை ஒட்டி அத்தனை பட்டும் பாழ். காய்கிற வரைக்கும் நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையத்தில் யாரும் அதன்மேல் தூசிகூட விழ விடமாட்டார்கள்.

அந்த ஒரு மரம் தன் புதுப் பட்டுக்கடையின் போர்டை மறைக்கிறது என்று ஆனந்தராஜ் அதை வெட்ட அனுமதி வாங்கியிருந்தார். வாலாஜாபாத் பக்கம் நெல் விளைவித்த குடும்பம், மரத்தின் அருமை தெரியாதவரில்லை. கடை வைத்த பிறகு கண்ணுக்குப் போர்டு மட்டும்தான் தெரிந்தது. அவர் கொடுக்கிற வேலையில்தான் சங்கரி வீட்டுத் தறி ஓடுகிறது.

"அவரு கோவிச்சுக்கினு வேலைய நிறுத்திட்டாருன்னா?" என்று விடியலில் கஞ்சி காய்ச்சும்போதே கேட்டான் அவள் புருஷன் உமாபதி.

"நிறுத்தட்டும். மரம் போச்சுன்னா அவரு நிறுத்தாமலே நின்னுடும்" என்றாள்.

ஏழு மரங்களையும் நட்டவள் சங்கரிதான். பதினான்கு வருஷத்துக்கு முன் தெருவுக்கு சிமெண்ட் போட்டார்கள். அந்தக் கோடையில் எட்டு மணிக்கே தரை கொதித்தது. கஞ்சி சட்டென்று காய்ந்து இழைகள் மொறமொறத்து அறுந்தன. அறுந்த இழைகளை முடிச்சுப் போட்டுப் போட்டு விரல் நுனி எரிந்த ஆத்திரத்தில் குழி தோண்டினாள். நெய்கிறவளுக்கு ஏன் தோட்ட வேலை என்று தெருவே சிரித்தது. குளித்த தண்ணீரை ஊற்றினாள், முள் கட்டினாள், ஆட்டுக்காரியோடு மல்லுக்கு நின்றாள். இப்போது பத்து மணி வரைக்கும் நிழல் அசையாமல் கிடக்கிறது, கஞ்சி நிதானமாகக் காய்கிறது. சிரித்தவர்களே வெளியூரில் போய், எங்கள் தெருப் பாவில் இழை அறாது என்று மார்தட்டுகிறார்கள். அது யாரால் என்று சங்கரிக்குத் தெரியும். அதை மறைக்கிற அடக்கமெல்லாம் அவளிடம் கிடையாது.

லாரி டிரைவர் ஜான்சன் இறங்கி மேலே பார்த்தான், கீழே பார்த்தான், தலையைச் சொறிந்தான். ஆனந்தராஜ் கடையிலிருந்து வேகமாக வந்தார்.

"இன்னிக்குத்தான் வெட்டறோம்னு தெரியுமில்லம்மா? வேணும்னே இங்க வந்து போட்டிருக்கியா?"

"ஆமாங்க. வேணும்னேதான்."

இப்படி நேராகச் சொல்வாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. "யார் வூட்டுப் பாவு இது?"

"உங்க வூட்டுதுதான். அபிநயாவோட முகூர்த்தப் பொடவை. பொண்ணுக்கு நல்ல பட்டா இருக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க? இந்த நெழல்ல காஞ்சாதான் நல்ல பட்டு. ஒரு கொம்பு மேல வுழுந்தாலும் நான் பொறுப்பில்ல."

ஆனந்தராஜின் பார்வை இழைகளின் மேல் போனது. அரக்குச் சிவப்பு. அடுத்த மாதக் கல்யாணத்துக்கு மகளே தேர்ந்தெடுத்த நிறம். கோபம் எங்கே போனதென்று அவருக்கே தெரியவில்லை.

"எஞ்சின ஆஃப் பண்ணுப்பா. பொகை படப்போவுது" என்றார் ஜான்சனிடம்.

"அப்ப நாளைக்கு வரட்டுமா சார்?"

எதிர்வீட்டு வாசலில் நின்ற காந்தா முந்திக்கொண்டாள். "நாளைக்கு இந்த எடத்துல எங்க பாவு."

"நாளானிக்கு எங்களுது" என்றான் பக்கத்து வீட்டுக் குமரகுரு, பல் துலக்கிக்கொண்டே.

சங்கரி இதை யாரிடமும் கேட்டிருக்கவில்லை. பதினான்கு வருஷத்துக்குப் பிறகு மரம் இன்றுதான் தெருவுடையதாகியிருந்தது.

"எப்பதாம்மா இந்த எடம் காலியா இருக்கும்?" என்றான் ஜான்சன்.

"தெருவுல அறுவது வூடு இருக்குதுப்பா" என்றாள் அவள்.

லாரி பின்பக்கமாகவே ஊர்ந்து வெளியேறியது. ஆனந்தராஜ் கடைக்குத் திரும்பவில்லை. மரம் பூத்திருந்தது. ஒரு பூ உதிர்ந்து சிவப்பு இழைகளின் மேல் விழுந்தது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக் குனிந்து, இழையில் விரல் படாமல் அதை எடுத்தார். நிமிர்வதற்குள் இன்னொன்று விழுந்தது.