நாற்பது நாள்

"மெதுவா ஊத்துடி, அவளுக்குக் குளிரும்" என்றாள் முனவ்வர் பேகம்.

பில்கிஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இலந்தை இலை போட்டுக் காய்ச்சிய வெந்நீர். பலகையில் கிடப்பதோ அக்காவின் மய்யித். செத்தவளுக்குக் குளிருமாம்! இந்த இருபத்திரண்டு வருஷத்தில் எனக்குக் குளிர்கிறதா, பசிக்கிறதா என்று அம்மா ஒரு நாளாவது கேட்டிருப்பாளா?

குர்ஷித் அக்காவுக்குப் பதினெட்டு வயதில் புத்தி பேதலித்தது. எட்டு வருஷமாகச் சமையலறை மூலையில் உட்கார்ந்து சுவரோடு பேசிக்கொண்டிருந்தாள். அம்மா பிசைந்து ஊட்டினால்தான் சாப்பிடுவாள். முதல் கவளம் அவளுக்கு. பில்கிஸ் தானே போட்டுத் தின்றுகொள்ள வேண்டியதுதான். மூன்று நாள் ஜுரத்தில் அக்கா போனதும், அழுகைக்கு நடுவிலேயே பில்கிஸுக்குத் தோன்றியது: இனிமேல் அம்மா எனக்குத்தான். அப்படித் தோன்றியதற்கு அவள் வெட்கப்படவும் இல்லை.

அக்காவின் தொப்புளுக்கு மேலே மூன்று வெளுத்த தழும்புகள்.

"இது இன்னாம்மா?"

முனவ்வரின் கை நின்றது. "சூடு. பொறந்த பதினஞ்சாம் நாளு ஜுரம். இழுப்பு வந்து கண்ணு செருகிப்போச்சு. வளையல் துண்டக் காய வச்சு இழுத்தாங்க. நான்தான் கால புடிச்சிக்கினேன்."

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போறதுதானே?"

"சில்லா முடியலியே. பெத்தவ நாப்பது நாள் வாசப்படி தாண்டக்கூடாதுன்னாங்க. நானும் தாண்டல. பொழச்சிக்கினா, ஆனா நடக்கவே மூணு வருசமாச்சு. அந்த ஜுரந்தான் தலைல குந்திக்கினு இருந்து பதினெட்டு வயசுல எழுந்துச்சுன்னு எம்மனசு சொல்லுது."

சூடு போடும்போதுகூட அவளைத்தான் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள்!

"எனக்கு வந்திருந்தா யாரு பாத்திருப்பாங்க?" என்றாள் பில்கிஸ் வெடுக்கென்று.

"வந்துச்சுடி. இருபதாம் நாளு, அதே இழுப்பு. உங்க அத்தை வாசல மறிச்சிக்கினு நின்னாங்க. தள்ளிட்டு, உன்னப் புர்காவுக்குள்ள சுருட்டிக்கினு வேலூருக்கு ரயிலேறிட்டேன். வெள்ளக்கார டாக்டரம்மா ரெண்டு நாள் பக்கத்துலயே இருந்து பாத்தாங்க." முனவ்வர் பலகையில் கிடந்தவளின் நெற்றியைத் துடைத்தாள். "இவளுக்குச் செய்யாதத உனக்குச் செஞ்சேன்."

வெளியே, மய்யித்தைத் தூக்க வந்த ஆம்பூர் தோல்மண்டி ஆட்கள் இருமிக்கொண்டு காத்திருந்தார்கள். பில்கிஸ் அடுத்த சொம்பை மெதுவாக ஊற்றினாள்.

அடக்கம் முடிந்த சாயங்காலம், பக்கத்து வீட்டு நசீமுன்னிசா சோறும் குழம்பும் கொடுத்தனுப்பியிருந்தாள். முனவ்வர் பிசைந்து உருட்டினாள். கை பழக்கத்தில் அக்கா உட்காரும் மூலைப் பக்கம் நீண்டு, அங்கே நின்று, பில்கிஸ் பக்கம் திரும்பியது.

"இந்தா, வாயத் தொற."

எத்தனை வருஷமாக ஏங்கிய கவளம்! பில்கிஸால் வாயைத் திறக்க முடியவில்லை. அம்மாவின் கை நீட்டியபடியே இருந்தது. குழம்பு முழங்கைவரை வழிந்துகொண்டிருந்தது.